ஒரு கிராம் குறைந்தால் பசு விழும்

மாணவர்களே! நானூறு கிலோ எடையுள்ள ஒரு கலப்பினப் பசுவை எண்ணிக்கொள்ளுங்கள். இது அதற்கு நான்காம் ஈற்று. மாலையில் சிரமமின்றிக் கன்று ஈன்றது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. மடி நிறையச் சீம்பால். வீட்டார் மனநிறைவோடு உறங்கப் போனார்கள். விடியற்காலையில் தொழுவத்துக்குச் சென்று பார்த்தால் பசு படுத்துக் கிடக்கிறது. தட்டினாலும் எழவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாவின் மேல் சாய்த்துக்கொண்டிருக்கிறது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஈரமாக இருக்க வேண்டிய மூக்கு உலர்ந்திருக்கிறது.

அடிபட்ட காயம் ஏதும் இல்லை. எலும்பு முறியவில்லை. கிருமி எதுவும் தாக்கவில்லை. பிறகு ஏன் எழ முடியவில்லை? அதன் இரத்தத்தில் ஒரு பொருள் ஏறக்குறைய ஒரு கிராம் அளவுக்குக் குறைந்துபோயிற்று. அவ்வளவுதான்! உடனே கவனித்தால் ஓரிரு மணி நேரத்தில் பசு எழுந்து நின்று வைக்கோல் தின்னும். கவனிக்காவிட்டால் அன்றே இறந்தும் போகலாம்.

இயற்பியல் ஆசிரியருக்கு மாட்டு வைத்தியத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அழுத்தம், அயனி, மின்னூட்டம் ஆகிய மூன்றையும் நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். அந்த மூன்றும் ஒரு பசுவின் உடலில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதைக் காட்டுவதற்கு இந்த நோயைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

காய்ச்சல் இல்லாத காய்ச்சல்

இந்த நோய்க்குப் 'பால் காய்ச்சல்' அல்லது 'பால் சுரம்' என்று பெயர். பெயரிலேயே ஒரு பிழை இருக்கிறது. நலமாக உள்ள பசுவின் உடல் வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். பால் காய்ச்சல் கண்ட பசுவின் வெப்பநிலை இதைவிடக் கூடுவதில்லை, பெரும்பாலும் குறைகிறது. தசைகள் வேலை செய்யாமல் ஓய்ந்துவிடுவதால் வெப்பம் உண்டாவது குறைகிறது. தோலுக்கும் காதுக்கும் பாயும் இரத்தமும் குறைகிறது. காது குளிர்ந்திருப்பது இதனால்தான்.

கன்று ஈன்ற பிறகு முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள்தான் இந்நோய் பெரும்பாலும் வருகிறது. முதல் ஈற்றுப் பசுக்களுக்கு வருவது மிக அரிது. மூன்றாம் ஈற்றிலிருந்து வாய்ப்பு கூடுகிறது. நிறையப் பால் தரும் பசுக்களை, அதிலும் ஜெர்சி இனத்தை, இது கூடுதலாகத் தாக்குகிறது. ஒன்றிரண்டு லிட்டர் கறக்கும் நாட்டுப் பசுவுக்கு இது வருவது மிகவும் குறைவு. ஏன் இந்த வேறுபாடு? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஒரு சிறு கணக்கு

நம் 400 கிலோ பசுவின் உடலில் ஏறத்தாழ 30 லிட்டர் இரத்தம் இருக்கும். அதில் சிவப்பணு முதலியவற்றை நீக்கினால் எஞ்சும் தெளிந்த நீரான பிளாஸ்மா சுமார் 20 லிட்டர். நலமான பசுவின் பிளாஸ்மாவில் 100 மில்லி லிட்டருக்கு 9 முதல் 10 மில்லி கிராம் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, உண்டு. பத்து என்றே வைத்துக்கொண்டால், 20 லிட்டரில் இருப்பது 2,000 மில்லி கிராம். அதாவது 2 கிராம். ஒரு சிட்டிகை சுண்ணாம்பு!

இந்த 10 மில்லி கிராம் 5 மில்லி கிராமாகக் குறைந்தால் பசு விழுந்துவிடுகிறது. அப்போது இரத்தத்திலிருந்து போனது ஒரே ஒரு கிராம். (செல்களைச் சூழ்ந்துள்ள நீரிலும் சில கிராம் கால்சியம் உண்டு. அங்கும் இதே விகிதத்தில் குறையும்.)

இனிச் செலவைப் பாருங்கள். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. சாதாரணப் பாலில் சுமார் 1.2 கிராம். முதல் நாளில் பசு 8 லிட்டர் சீம்பால் கொடுத்தால் 16 கிராம் கால்சியம் மடி வழியே வெளியேறுகிறது. இரத்தத்தில் இருப்பது 2 கிராம். ஒரு நாளில் செலவாவது 16 கிராம். கையிருப்பைப் போல எட்டு மடங்கு!

கன்று ஈனுவதற்கு முந்தைய நாள் வரை செலவு இவ்வளவு இல்லை. வயிற்றுக் கன்றின் எலும்புக்கும் தன் சொந்தத் தேவைக்குமாக நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் போதுமானதாக இருந்தது. ஒரே இரவில் தேவை இரண்டு மடங்கையும் தாண்டுகிறது.

சரி, பசுவின் உடலில் வேறு எங்கும் கால்சியமே இல்லையா? இருக்கிறது. அதன் எலும்புக்கூட்டில் நாலைந்து கிலோ கால்சியம் சேர்ந்திருக்கிறது. உடலில் உள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பில்தான் உள்ளது. நாலைந்து கிலோவைச் சுமந்துகொண்டே ஒரு கிராம் இல்லாமல் பசு விழுகிறது. குதிர் நிறைய நெல்லிருக்க வீட்டார் பட்டினி கிடப்பது போன்றது இது. குதிரின் கதவு ஏன் திறக்கவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

எழுந்து நிற்பதற்குக் கால்சியம் எதற்கு?

எலும்புக்கும் பல்லுக்கும் கால்சியம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கால்சியம் குறைந்தால் எலும்பு வலுவிழந்து பசு விழுகிறது என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று. ஒரே இரவில் எலும்பு வலுவிழந்துவிடாது. இங்கே பழுதுபடுவது செய்தித் தொடர்பு.

மூளையிலிருந்து தசைக்கு வரும் கட்டளை நரம்பின் வழியே ஒரு மின் துடிப்பாக ஓடி வருகிறது. நரம்பு முடியும் இடத்துக்கும் தசைக்கும் இடையே ஒரு மிக நுண்ணிய இடைவெளி உண்டு. மின் துடிப்பு அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. துடிப்பு நரம்பு முனையை அடைந்ததும் அங்குள்ள நுண் வாயில்கள் திறக்கின்றன. வெளியிலுள்ள கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. செல்லுக்கு வெளியே கால்சியம் அயனிகளின் செறிவு உள்ளே இருப்பதைப் போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு என்பதால் இந்தப் பாய்ச்சல் மிக விரைவாக நடைபெறுகிறது. உள்ளே வந்த கால்சியம் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியே தள்ளுகிறது. அது இடைவெளியைக் கடந்து தசையை எழுப்புகிறது, தசை சுருங்குகிறது.

வெளியே கால்சியம் குறைந்துவிட்டால்? மூளை கட்டளையிடுகிறது, நரம்பும் அதைக் கொண்டுவருகிறது, ஆனால் கடைசி இடைவெளியைக் கடக்கத் தோணி இல்லை. எனவே தசை சும்மா கிடக்கிறது. கால் தசை மட்டுமன்று. குடலின் தசையும் ஓய்கிறது, சாணம் போடுவது நின்றுவிடுகிறது. அசைபோடுவது நிற்கிறது. கருப்பையின் தசை சுருங்காததால் நஞ்சுக்கொடி தங்கிவிடக்கூடும். இறுதியில் இதயத் தசையும் தளர்கிறது.

மிதிவண்டிப் பம்பு செய்த வைத்தியம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பால் காய்ச்சல் கண்ட பசுக்களில் பாதிக்கு மேற்பட்டவை இறந்துபோயின. காரணம் யாருக்கும் தெரியவில்லை. டென்மார்க் நாட்டில் கோல்டிங் என்ற ஊரைச் சேர்ந்த ஷ்மிட் என்னும் கால்நடை மருத்துவர், மடியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகி உடல் முழுவதும் பரவுகிறது என்று கருதினார். அந்த நஞ்சை முறிக்க, பொட்டாசியம் அயோடைடு கரைசலைக் காம்பின் வழியே மடிக்குள் செலுத்தினார். 1897-இல் இம்முறையை வெளியிட்டார். பல பசுக்கள் பிழைத்தன!

மருந்து வேலை செய்தது. ஆகவே ஷ்மிட்டின் கருத்து சரி என்று நீங்கள் முடிவு செய்வீர்களா? அவசரப்படாதீர்கள். 1901-இல் அதே நாட்டில் ஸ்கண்டர்போர்க் நகரைச் சேர்ந்த ஆண்டர்சன் என்பவர், மருந்து ஏதுமின்றி வெறும் காற்றை மடிக்குள் அடைத்துப் பார்த்தார். பசுக்கள் இன்னும் நன்றாகப் பிழைத்தன! பிறகு பல நாடுகளில் மிதிவண்டிப் பம்பைக் கொண்டே இந்த வைத்தியம் நடந்தது.

காற்றில் என்ன மருந்து இருக்கிறது? ஒன்றும் இல்லை. அழுத்தம்தான் மருந்து. பால் சுரக்கும் நுண்ணறைகளில் அழுத்தம் குறைவாக இருக்கும்வரை பால் சுரந்துகொண்டே இருக்கும். மடி காற்றால் விம்மி அழுத்தம் ஏறியதும் சுரப்பு நின்றுவிடுகிறது. சுரப்பு நின்றால் இரத்தத்திலிருந்து கால்சியம் மடிக்குப் போவதும் நிற்கிறது. தொட்டியில் நீர் ஊற்ற முடியாதபோது ஓட்டையை அடைத்துவிட்டது போலாயிற்று. அதற்குள் உடல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஷ்மிட்டின் கரைசலிலும் வேலை செய்தது அயோடைடு அன்று. மடியில் ஏறிய அழுத்தமே.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு மருந்து பலித்தது என்பதால் மட்டும் அதற்குச் சொல்லப்பட்ட காரணமும் உண்மையாகிவிடாது. மருந்தை நீக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதித்தால்தான் உண்மை வெளிப்படும்.

உண்மைக் காரணம் 1925-இல் தெரிந்தது. பிரிட்டனில் லிட்டில், ரைட் என்ற இருவர் நோயுற்ற பசுக்களின் இரத்தத்தைச் சோதித்து, கால்சியம் பாதியாகக் குறைந்திருப்பதைக் காட்டினர். அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் டிரையர், கிரேக் என்பவர்களும் இக்கருத்தையே முன்வைத்தனர். அதன் பின் கால்சியம் கரைசலை இரத்தக் குழாயில் செலுத்தும் முறை வந்தது. இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் கால்சியம் போரோகுளுக்கோனேட் அந்த வழியில் வந்ததே. மடிக்குள் காற்றடிக்கும் முறையை இன்று யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. அதனால் கிருமிகள் உள்ளே புகுந்து மடி நோய் உண்டாகும்.

குதிரின் கதவு ஏன் திறக்கவில்லை?

பசுவின் கழுத்துப் பகுதியில் பாராதைராய்டு என்ற சிறு சுரப்பிகள் உள்ளன. இவை இரத்தக் கால்சியத்தின் காவற்காரர்கள். கால்சியம் சிறிது குறைந்தாலும் உடனே ஒரு ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. அந்த ஹார்மோன் மூன்று கதவுகளைத் தட்டுகிறது. முதலாவது சிறுநீரகம்: சிறுநீரில் போகும் கால்சியத்தை மீட்கிறது. இது விரைவாக நடக்கும். ஆனால் கிடைக்கும் அளவு சொற்பம். இரண்டாவது குடல்: சிறுநீரகத்தில் வைட்டமின் டி தன் முழு ஆற்றல் வடிவத்தைப் பெற்று, தீவனத்திலுள்ள கால்சியத்தைக் குடல் கூடுதலாக உறிஞ்சச் செய்கிறது. இதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். மூன்றாவது எலும்பு: எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும் செல்கள் முழு வேகத்தில் வேலை தொடங்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் வேண்டும்.

இங்கேதான் இக்கட்டு. செலவு ஒரு சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. வரவு ஏற ஒன்று அல்லது இரண்டு நாட்கள் ஆகிறது. இடைப்பட்ட அந்த நேரத்தில்தான் பசு விழுகிறது. இளம் பசுவின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் அந்தச் செல்கள் விழித்தே இருக்கின்றன. முதிர்ந்த பசுவில் அவை குறைவு. தூங்கி விழிக்க நேரம் பிடிக்கிறது. முதல் ஈற்றில் நோய் வராததற்கு இதுவே காரணம்.

இப்போது ஒரு வினா. நோய் வராமல் தடுக்க, சினையின் கடைசி வாரங்களில் நிறையக் கால்சியம் கொடுத்துவிட்டால் என்ன? கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பல வீடுகளில் கால்சியம் மருந்து வாங்கி ஊற்றவும் செய்கிறார்கள். ஆனால் 1954-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் போடா, கோல் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு நேர் எதிரானதைக் காட்டினர். சினையின் இறுதியில் கால்சியம் குறைந்த தீவனம் தின்ற பசுக்களே நோயிலிருந்து தப்பின. சிந்தித்தால் இதில் வியப்பில்லை. தேவைக்கு மேல் கால்சியம் வந்துகொண்டிருந்தால் காவற்காரருக்கு வேலை இல்லை. மூன்று கதவுகளும் துருப்பிடித்துக் கிடக்கும். சிறிது தட்டுப்பாடு இருந்தால் கதவுகள் முன்னமே திறந்திருக்கும்.

மின்னூட்டக் கணக்கு

கதை இத்துடன் முடியவில்லை. கால்சியத்தின் அளவு மட்டுமே காரணம் என்றால் எல்லாப் பசுக்களையும் எளிதாகக் காத்துவிடலாம். நார்வே நாட்டின் எண்டர், டிஷிங்டன், ஹெல்கபோஸ்டாட் ஆகியோர் 1971-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வாயிலைத் திறந்தது. தீவனத்தில் நேர்மின் அயனிகள் மிகுந்தால் நோய் மிகுகிறது. எதிர்மின் அயனிகள் மிகுந்தால் நோய் குறைகிறது என்பதே அது.

எந்தக் கரைசலிலும் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சமமாக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். இரத்தமும் ஒரு கரைசல்தான். புல்லிலும் வைக்கோலிலும் பொட்டாசியம் என்னும் நேர்மின் அயனி நிறைய உண்டு. தாவரத்தில் அதற்குத் துணையாக இருப்பவை பெரும்பாலும் கரிம அமிலங்களின் எதிர்மின் அயனிகள். பசுவின் உடல் அந்தக் கரிம அமிலங்களை எரித்து ஆற்றலாக்கிவிடுகிறது. தனித்து நிற்கும் பொட்டாசியத்தின் மின்னூட்டத்தை ஈடுகட்ட பைகார்பனேட் அயனி இரத்தத்தில் கூடுகிறது. பைகார்பனேட் காரத்தன்மை உடையது. எனவே பசுவின் இரத்தம் சிறிதளவு காரத்தின் பக்கம் சாய்கிறது. சிறுநீர் நன்றாகவே காரமாகிறது.

இரத்தம் காரத்தின் பக்கம் சாய்ந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலும் சிறுநீரகத்திலும் உள்ள தன் ஏற்பிகளோடு சரியாகப் பொருந்துவதில்லை. சாவி சரியான சாவிதான்; பூட்டு சற்று வளைந்துவிட்டது. காவற்காரர் எவ்வளவு தட்டினாலும் கதவு திறப்பதில்லை. தீவனத்தில் குளோரைடு, சல்பேட் போன்ற எதிர்மின் அயனிகளைக் கூட்டினால் பைகார்பனேட் குறைந்து, இரத்தம் மிகச் சிறிதளவு அமிலத்தின் பக்கம் நகர்கிறது, பூட்டு நிமிர்கிறது. இதற்கெனத் தனி உப்புக் கலவைகள் உள்ளன. சினையின் கடைசி மூன்று வாரங்களுக்கு மட்டும் மருத்துவரின் மேற்பார்வையில் அவற்றைக் கொடுப்பார்கள். அளவு மீறினால் பசு தீவனத்தையே வெறுக்கும். ஆகையால் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

நம் ஊர்த் தொழுவத்தில்

இனி நம் ஊருக்கு வருவோம். நந்தீசுவரர் கோயிலை உடைய நந்திவரமும் கூடுவாஞ்சேரியும் சேர்ந்து இன்று ஒரு நகராட்சி. அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டாலும் சுற்றுப்புறங்களில் இரண்டு, மூன்று கலப்பினப் பசுக்களை வைத்து வீடுகளுக்குப் பால் ஊற்றும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய குடும்பத்துக்கு ஒரு பசு சாவது என்பது வருமானத்தில் பாதி போவதற்குச் சமம்.

இங்கே மாட்டுக்கு முக்கியத் தீவனம் வைக்கோல். அதில் பொட்டாசியம் அதிகம்; கால்சியம் குறைவு. போதாததற்கு ஆக்சாலிக் அமிலமும் உண்டு. அது கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுவதால், இருக்கும் கால்சியமும் முழுமையாக உடலில் சேர்வதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். தொழுவத்தைக் கழுவிய நீரைப் பக்கத்தில் உள்ள கம்பு நேப்பியர் புல்லுக்குப் பாய்ச்சுவது வழக்கம். நீரை வீணாக்காத நல்ல பழக்கம்தான். ஆனால் பசு தின்ற பொட்டாசியத்தின் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. அது புல்லுக்குப் போகிறது. புல் மீண்டும் பசுவுக்கு வருகிறது. இந்தச் சுழற்சியில் புல்லின் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகிறது. கறவை மாட்டுக்கு அதனால் தீங்கில்லை. நிறைசினைப் பசுவுக்கு மட்டும் கடைசி மூன்று வாரங்களில் வேறு வயலின் புல்லைப் போடுவது நல்லது.

கன்று ஈனும் காலத்தை ஒட்டிக் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் கறப்பதை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இக்காலத்தில் பசு மிகவும் கொழுக்கவும் கூடாது, இளைக்கவும் கூடாது.

கடைசி மூன்று வாரங்களில் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். விருந்தில் மிஞ்சிய சோற்றை ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகும். கால்சியம் மருந்தைக் கடைசி வாரங்களில் தாமாக ஊற்ற வேண்டாம். தாது உப்புக் கலவை எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். மக்னீசியம் குறைந்தாலும் பாராதைராய்டின் வேலை கெடும் என்பதால் அதையும் அவர் கணக்கில் கொள்வார்.

ஈன்றவுடன் குடிக்கத் தூய நீர் தாராளமாக வேண்டும். கன்றுக்கு முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்க வேண்டும். பிறந்த கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு சீம்பாலை முதல் நாளில் கொடுக்கலாம். முதிர்ந்த, அதிகம் கறக்கும் பசுவை முதல் நாளில் ஒட்டக் கறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வது மிதிவண்டிப் பம்பின் தத்துவமே: மடியில் சிறிது அழுத்தம் இருந்தால் கால்சியம் வெளியேறும் வேகம் குறையும். ஈன்ற பிறகோ கால்சியம் தாராளமாகத் தேவை. முன்பு வேண்டாம் என்ற அதே பொருள் இப்போது வேண்டும். வேறுபாடு காலத்தில்தான் இருக்கிறது.

நஞ்சுக்கொடி சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். விழாவிட்டால் அதைப் பிடித்து இழுப்பதும், கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கருப்பையைக் கிழிக்கும் செயல்கள். மருத்துவரை அழைப்பதே வழி.

பசு விழுந்துவிட்டால்

முதல் வேலை மருத்துவருக்குச் சொல்வது. 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். கூடுவாஞ்சேரிப் பக்கத்தாருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அருகிலுள்ள காட்டுப்பாக்கத்தில், 1989-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. தீவனம், தாது உப்பு பற்றிய ஐயங்களை நோய் வருவதற்கு முன்பே அங்கு கேட்டுத் தெளியலாம்.

மருத்துவர் வரும்வரை செய்ய வேண்டியவை மூன்று. மூன்றிலும் இயற்பியல் இருக்கிறது.

ஒன்று: பசு ஒருக்களித்துக் கிடந்தால் நிமிர்த்தி, நெஞ்சின் மேல் அமரும்படி வைத்து, இருபுறமும் வைக்கோல் மூட்டைகளால் முட்டுக் கொடுக்க வேண்டும். இரைப்பையில் வாயு மேலேயும் நீர்மம் கீழேயும் இருக்கும். பசு ஒருக்களித்தால் உணவுக்குழாயின் வாய் நீர்மத்துக்குள் மூழ்கிவிடுகிறது. ஏப்பமாக வெளியேற வேண்டிய வாயு அடைபட்டு வயிறு உப்பி, நுரையீரலை அழுத்துகிறது.

இரண்டு: சிமெண்டுத் தரையில் கிடக்கவிடாமல் மணல் அல்லது தடித்த வைக்கோல் பரப்பின் மேல் கிடத்த வேண்டும். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். கெட்டித் தரையில் உடல் படும் பரப்பு குறைவு. எனவே தொடைத் தசையில் அழுத்தம் மிகுதி. இரத்தக் குழாய்கள் நசுங்கிச் சில மணி நேரத்தில் தசை சேதமடையத் தொடங்கும். பிறகு கால்சியம் கொடுத்தாலும் பசு எழாது. மணல் உடலுக்கேற்ப வளைந்து பரப்பைக் கூட்டுகிறது. அதோடு சில மணிக்கொருமுறை பசுவை மறுபுறம் புரட்டி வைக்க வேண்டும்.

மூன்று: வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விழுங்கும் தசைகளும் ஓய்ந்திருப்பதால் ஊற்றியது நுரையீரலுக்குள் போகும். கருப்பட்டிக் கரைசலோ கஷாயமோ எதுவானாலும் சரி.

மருத்துவர் கால்சியம் கரைசலை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே, மிக மெதுவாக இரத்தக் குழாயில் செலுத்துவார். குறைந்தால் தசையை ஓய்த்த அதே கால்சியம், திடீரென மிகுந்தால் இதயத்தின் தாளத்தைக் கெடுத்து நிறுத்திவிடும். எனவே இதை மற்றவர் செய்யவே கூடாது. பல பசுக்கள் ஊசி இறங்கிக்கொண்டிருக்கும்போதே உடல் நடுங்கி, ஏப்பமிட்டு, சாணம் போட்டு, சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும். குணமான பின் ஒன்றிரண்டு நாட்கள் கண்காணிக்க வேண்டும்; கால்சியம் மீண்டும் குறைந்து மறுபடி விழுவதும் உண்டு.

விழாத பசுவையும் கவனியுங்கள்

பசு விழுவதென்பது நோயின் கடைசிக் கட்டம். அதற்கு முன் கால்சியம் சிறிது மட்டும் குறைந்த பசுக்கள் நடமாடிக்கொண்டே இருக்கும். பார்த்தால் தெரியாது. ஆனால் காம்பின் நுனியை மூடும் தசை இறுக மூடாததால் கிருமி புகுந்து மடி நோய் வருகிறது. கருப்பை சுருங்காததால் நஞ்சு தங்குகிறது. இரைப்பை மந்தமானதால் பசி குறைகிறது. உடற்கொழுப்பு கரைந்து கீட்டோசிஸ் என்ற நோய் தொடர்கிறது. தனித்தனி நோய்களாகத் தோன்றும் இவற்றுக்கெல்லாம் வாயில் ஒன்றாகவே இருக்கக்கூடும். அதனால்தான் ஈன்ற முதல் மூன்று நாட்களில் காலையும் மாலையும் பசுவின் காதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எழும்போது தள்ளாடுகிறதா, அசைபோடுகிறதா, சாணம் போட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்; ஐந்து நிமிடம் போதும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பசு இருந்தால் இந்தப் பொறுப்பை நீங்களே ஏற்கலாம்.

செய்து பாருங்கள்

ஒரு நீண்ட கழியின் நுனியில் கொட்டாங்கச்சியைக் கட்டிக்கொள்ளுங்கள். மாட்டுக்காரரின் அனுமதியோடு, பசுவின் பின்புறம் நிற்காமல் பக்கவாட்டில் விலகி நின்று, புதிதாக விடும் சிறுநீரைச் சிறிது பிடியுங்கள். கையில் படாமல் சிவப்பு லிட்மஸ் தாளை அதில் தோய்த்துப் பாருங்கள். தாள் நீலமாகும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பிஎச் தாள் கிடைத்தால் அதையும் தோய்த்து நிறத்தை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் 8-ஐ ஒட்டி இருக்கும். பசு தின்ற வைக்கோலின் பொட்டாசியத்தைத்தான் நீங்கள் நிறமாகக் காண்கிறீர்கள். எதிர்மின் உப்புகள் கொடுக்கப்படும் பசுவில் இந்த எண் 6-க்கும் 7-க்கும் இடையே இறங்கும். உப்பு வேலை செய்கிறதா என்று மருத்துவர்கள் அறிவதும் இவ்வாறே. சோதனை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவ மறவாதீர்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஒரு பசுவின் பிளாஸ்மா 18 லிட்டர். அதில் 100 மில்லி லிட்டருக்கு 10 மில்லி கிராம் கால்சியம் உள்ளது. முதல் நாளில் அது 6 லிட்டர் சீம்பால் தந்தால், வெளியேறும் கால்சியம் பிளாஸ்மாவில் உள்ளதைப் போல எத்தனை மடங்கு?

2. தீவனத்தில் கறியுப்பைக் கூட்டினால் பசுவின் மின்னூட்டக் கணக்கு எந்தப் பக்கம் சாயும்? (உப்பில் எந்தெந்த அயனிகள், எந்த விகிதத்தில் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.)

3. ஷ்மிட்டின் மருந்து பலித்தும் அவருடைய காரணம் தவறாயிற்று. நீங்கள் அக்காலத்தில் வாழ்ந்திருந்தால், அயோடைடுதான் குணப்படுத்துகிறதா என்பதை அறிய எந்தச் சோதனையைச் செய்திருப்பீர்கள்?

விடைகள்: முதல் வினாவுக்கு 12 கிராமை 1.8 கிராமால் வகுக்க, ஏறத்தாழ ஏழு மடங்கு. இரண்டாவதில் சோடியமும் குளோரைடும் சம எண்ணிக்கையில் வருவதால் எந்தப் பக்கமும் சாயாது. மூன்றாவதற்கு விடையை நீங்களே எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.